மதுசாரமும் மரச்சாராயமும்

‘ஆல்கஹால்’ என்னுஞ் சொல் முதற்கண் மதுவைக் குறித்ததன்று. அரபு மொழியாளர் கண்ணுக்கு எழுதும் அஞ்சனப் பொடியை அப்பெயரால் வழங்கினர். பின்னர் நுண்ணிதாகப் பிரித்தெடுத்த சாரம் எதுவும் அப்பெயர் பெற்று, நாளடைவில் மதுவின் சாரத்துக்கே அஃது உரியதாயிற்று. கண்ணுக்கு அழகு செய்யும் மையின் பெயர், கண்ணொளியைக் கவரும் நஞ்சொன்றையும் தழுவி நிற்றல் வியப்பே.

இரசாயன நூலார்க்கு ஆல்கஹால் ஒரு பொருளன்று, ஒரு குடும்பம். கரியணுவொன்றைப் பற்றிப் பிராணவாயு அணுவும் ஜலவாயு அணுவும் இணையாய் நிற்றலே அக்குடும்பத்தின் அடையாளம். கரியணு ஒன்றேயுடையது மெத்தில் ஆல்கஹால். இரண்டுடையது எத்தில் ஆல்கஹால். மூன்று கரியணுக்களும், ஒவ்வொன்றிலும் அவ்விணையும் உடையது கிளிசரின். சவர்க்காரம் காய்ச்சுமிடத்துக் கிடைக்கும் இனிய கொழுநீர் அது.

எத்தில் ஆல்கஹாலை நம் முன்னோர் இப்பெயரறியாமலே பருகினர். நறவு, மட்டு, தேறல் எனச் சங்க நூல்களில் மதுவுக்குப் பெயர் பல. மூங்கிற் குழாயிற் பெய்து முதிரவைத்த தேறலையும் அந்நூல்கள் பேசும். பனம்பாளையினின்று சொட்டும் நீரில் கரும்பிலுள்ள சர்க்கரையே உளது. அதனைக் கலயத்தில் வாளா விடின், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் சில நாழிகைக்குள் அச்சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றத் தொடங்கும். கள் நுரைப்பது அவ்வாயுவினாலேயாம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிட்டாலோ அவ்வுயிர்கள் பெருகமாட்டா. பதநீர் பதநீராகவே நிற்கும். பனையேறிகள் கைப்பழக்கத்தால் இதனை அறிந்திருந்தனர். ஐரோப்பாவிலோ, நுண்ணுயிரே நொதித்தலுக்குக் காரணமென்று பாஸ்டர் 1857 தொடங்கிச் செய்த ஆராய்ச்சிகளால் நிலைநாட்ட வேண்டியிருந்தது. உயிருள்ள ஈஸ்ட் இன்றி அதன் சாறே அத்தொழிலைச் செய்யவல்லதென 1897-இல் புக்னர் காட்டினார்.

ஆல்கஹால் நூற்றுக்குப் பதினைந்து பங்களவில் மிகுந்ததும், ஈஸ்ட் தான் ஆக்கிய பொருளாலேயே செயலற்றுப் போகின்றது. ஆதலின் வலிமை மிக வேண்டுவோர் காய்ச்சி வடிப்பர். நீர் 100 பாகையிற் கொதிக்க, இது 78 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். ஆயினும் வடித்தல் ஒன்றினால் மட்டும் எடையில் நூற்றுக்கு 95.6 பங்குக்கு மேல் ஏறுவதில்லை. எஞ்சிய நீரை வாங்கச் சுட்ட சுண்ணாம்பை இடுவது பழைய முறை. பிறப்பைத் தடுக்கும் சுண்ணாம்பே ஈண்டுத் தூய்மையும் செய்கின்றது! கிருமிகளைக் கொல்லவோ, முழுச்சாரத்தினும் நீர் கலந்ததே சிறந்தது. நீரின் துணையின்றிக் கிருமியின் புரதத்தை அஃது எளிதிற் குலைக்காது. 2020-இல் கொள்ளைநோய்க் காலத்து உலகமெல்லாம் கைகளிற் பூசிக்கொண்டது இதனையே.

இனி மெத்தில் ஆல்கஹால். மரத்தைக் காற்றுப் புகாது சுட்டு வடித்துப் பெற்றமையின் அதற்கு மரச்சாராயம் எனப் பெயர். 1661-இல் ராபர்ட் பாயில் அதனைப் பிரித்தெடுத்தார். 1834-இல் டூமா, பெலிகோ என்பார் அதன் அணுவமைப்பைக் கணித்தனர். இக்காலத்தில் ஆலைகளில் வாயுக்களைக் கூட்டி அதனைச் செய்கின்றனர். பசைக்கும் வண்ணப்பூச்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் அது வேண்டப்படும் பொருள். நிறத்தாலும் மணத்தாலும் சுவையாலும் எத்தில் ஆல்கஹாலினின்று அதனைப் பிரித்தறிதல் குடிப்பவனுக்கு இயலாது.

ஒரு கரியணுவின் குறைவு உடலுக்குள் செய்யும் வேறுபாடு பெரிது. ஈரலிலுள்ள என்ஸைம்கள் எத்தில் ஆல்கஹாலை முடிவிற் காடிப் புளிப்பாக மாற்றும். அதனை உடல் எரித்துவிடும். இங்ஙனம் கூறுவதனால் அது தீங்கற்றதென்பதன்று. நாட்பட்ட குடியால் ஈரல் கெடுவதை யாவரும் அறிவர். மெத்தில் ஆல்கஹாலோ அதே என்ஸைம்களால் பார்மிக் அமிலமாகின்றது. எறும்பின் கடியிலுள்ள புளிப்பு அதுவே. உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் வழியை அஃது அடைக்கும். கண்ணரம்பு முதலிற் பழுதுறும். தூய மெத்தில் ஆல்கஹால் இரண்டு தேக்கரண்டியளவே பார்வையைப் பறிக்கப் போதியது. இம்மாற்றம் மெல்ல நிகழ்வதனால், குடித்தவன் அரைநாள் அல்லது ஒருநாள் வரையில் நலமாகவே இருப்பான். நேற்றுக் குடித்தவன் நன்றாயிருக்கின்றானென்று கண்டு இன்று மற்றொருவன் அதனையே வாங்கிக் குடிப்பான். 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கற்பட்டுப் பகுதிகளில் இருபதின்மேலாயினோரும், 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதின்மேலாயினோரும் மாண்டது இந்நஞ்சினாலேயாம். பாளையிற் பிறந்த கள்ளன்று அது. ஆலைப்பொருளைக் காசாசையால் குடிநீராக்கி விற்றது.

இதற்கு மாற்று மருந்து எத்தில் ஆல்கஹாலே என்பது விந்தை. என்ஸைம்கள் அதனையே விரும்பிப் பற்றுமாதலின், மெத்தில் ஆல்கஹால் மாறாது தங்கி, மூச்சாலும் சிறுநீராலும் குருதியைத் தூய்மை செய்யும் இயந்திரத்தாலும் வெளியேறும். பொமெபிசோல் என்னும் மருந்தும் அவ்வென்ஸைமையே தடுக்கும். இரண்டும் மருத்துவர் குருதியைச் சோதித்து அளந்து தருவன. வீட்டில் மேலும் குடிப்பித்தல் மருந்தாகாது. பார்வை பனிமூட்டம்போல் மங்குமாயின், மயக்கம் வருமளவும் காத்திராமல் அந்நாழிகையே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்; உடன் குடித்தோரையும், அவர் நலமாய்க் காணப்படினும், அழைத்துச் செல்லல் வேண்டும்.