பழைய மடிக்கணினியில் நின்றுபோன ஒரு சுன்னாகம் பதிப்பு

சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் அச்சான பழைய நூலொன்று அண்மையில் கைக்கு வந்தது. தொட்டாலே தாள் நொறுங்குகிறது. பக்கங்களைப் படமெடுத்து, எழுத்துகளை ‘டெசராக்ட்’ மென்பொருளைக் கொண்டு வாசிக்கவைக்கலாம் என்று ஊரில் நண்பர் வீட்டில் உட்கார்ந்தோம். வெளிநாட்டிலுள்ள அவருடைய தம்பி தன் புதிய கணினியில் அதைக் கொம்பைல் செய்து அனுப்பியிருந்தார். முதலாவது பக்கத்தைக் கொடுத்ததும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்சன்’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டது. நண்பருடையது 2008இல் வாங்கிய மடிக்கணினி.

டெசராக்ட் 1985 முதல் 1994 வரை எச்.பி நிறுவனத்தில் உருவானது. 2005இல் திறந்த மூலமானது. 2018இல் வந்த 4ஆவது பதிப்பிலிருந்து நரம்பியல் வலையமைப்பைக் கொண்டு வாசிக்கிறது. அதன் வேலையில் பெரும்பகுதி, இரண்டு எண் வரிசைகளை ஒன்றோடொன்று பெருக்கிக் கூட்டுவதுதான். 2011இல் வந்த புரொசஸர்களின் ஏவிஎக்ஸ் கட்டளைகள் அதை நான்கு நான்கு எண்களாகச் செய்யும். 2013இல் ஏவிஎக்ஸ்2 வந்தது. அதற்கு முந்திய புரொசஸருக்கு இந்தக் கட்டளைகள் புரியாது. புரியாத கட்டளை வந்தால் நிரல் அந்த இடத்திலேயே நிறுத்தப்படும்.

அப்படியானால் வேகமும் வேண்டும், பழைய கணினியிலும் ஓடவேண்டும் என்றால் என்ன செய்வது? அச்சகத்தாருக்கு இது புதிதல்ல. நூல் முழுவதையும் சாதாரண தாளில் அடிப்பார்கள்; படங்கள் வரும் நாலு பக்கத்துக்கு மட்டும் ஆர்ட் தாள். டெசராக்டும் இதையே செய்கிறது. பெருக்கிக் கூட்டும் வேலை ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2, எஸ்எஸ்இ என்று தனித்தனிச் சிறு கோப்புகளில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்புகளுக்கு மட்டும் கொம்பைலரிடம் (பாடப்புத்தகத்தில் தொகுப்பான்) ‘இந்தக் கட்டளைகளைப் பாவிக்கலாம்’ என்று சொல்லப்படும். மற்ற எல்லாக் கோப்புகளும் பொதுவான முறையில் கொம்பைலாகும். ஓடத் தொடங்கும்போது நிரல் புரொசஸரை விசாரித்து, பொருத்தமான கோப்பைத் தெரிவுசெய்யும்.

இதைச் சொல்லும் விதம் கருவிக்குக் கருவி வேறு. ‘சீமேக்’ கருவியில் ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி அதற்கெனத் தனிக் கொடிகளைக் கொடுக்கலாம், ஒரே வரி. ‘ஓட்டோமேக்’ கருவியில் கோப்புக்கெனத் தனிக்கொடி வைக்க வழியில்லை. ஆகவே அந்த ஒரு கோப்பை மட்டும் கொண்ட குட்டி நூலகமொன்றை உருவாக்கி, அதற்குக் கொடி கொடுத்து, பிறகு பெரிய நூலகத்தோடு இணைக்கிறார்கள். சுற்றுவழிதான், ஆனால் வேலை நடக்கிறது.

தம்பி செய்த பிழை இங்கேதான். ‘இந்தக் கணினிக்கு ஏற்றபடி செய்’ என்று பொருள்படும் ‘நேட்டிவ்’ கொடியை எல்லாக் கோப்புகளுக்கும் கொடுத்துவிட்டார். முழு நூலும் ஆர்ட் தாளில். நிரல் புரொசஸரை விசாரிப்பதற்கென்று வைத்த பாதுகாப்புக்கு அர்த்தமில்லாமல் போனது.

தனிக்கொடி கொடுத்தாலும் ஒரு பொறி இருக்கிறது. பல கோப்புகள் பொதுவாகப் பாவிக்கும் சிறு சார்பொன்று ஏவிஎக்ஸ்2 கோப்புக்குள்ளும் வந்தால், அதன் ஒரு பிரதி அந்தக் கட்டளைகளோடு கொம்பைலாகும். இணைப்பி பல பிரதிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். அது ஏவிஎக்ஸ்2 பிரதியாக அமைந்தால், பழைய கணினியில் எதிர்பாராத ஏதோவொரு இடத்தில் நிரல் விழும். புதிய கணினியில் எத்தனை தடவை சோதித்தாலும் இது தெரியவராது. அதனால்தான் இத்தகைய கோப்புகளைச் சிறிதாக, வெளியிலிருந்து அதிகம் எடுக்காதவையாக வைப்பார்கள்.

‘நேட்டிவ்’ கொடியை நீக்கி மறுபடி கொம்பைல் செய்தோம். பதிப்பைக் கேட்டபோது, கண்டுபிடித்தது எஸ்எஸ்இ 4.1 மட்டும் என்று அது சொன்னது. ஆமை வேகம், ஆனால் பக்கங்கள் ஓடின. ‘னை’, ‘லை’ என்பவற்றைப் பழைய கொம்பெழுத்தில் அச்சிட்டிருந்த இடங்களை மட்டும் கண்டபடி வாசித்தது. அது கொடியால் தீராது. பழைய எழுத்துருவை மாதிரிகளோடு அதற்குப் பழக்கவேண்டும். இப்போது நண்பர் அந்தப் பக்கங்களைக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறார்.