முகமறியாப் பகையும் ஒற்றாடலும்

மொட்டைக் கடிதம் என்பது நம் ஊர்களுக்குப் புதியதன்று. பெயரை மறைத்துப் பழி தூற்றுவோர் எக்காலத்தும் இருந்துள்ளனர். ஆயினும் அன்றைய மொட்டைக் கடிதம் ஒரு வீட்டு வாயிலையோ ஓர் அலுவலக மேசையையோ மட்டுமே எட்டியது. அதே இழிசெயல் இன்று இணையத்தின் வழியே நிகழுங்கால், கண்ணிமைக்கும் பொழுதில் ஊர் முழுவதும் பரவிவிடுகின்றது.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் பஞ்சாலைத் தொழிலாளியின் மகளும் வணிகரின் மகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்கின்றனர். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பெண்கள் பலர். அத்தகைய ஒரு பெண்ணின் பெயரில் யாரோ பொய்க்கணக்குத் தொடங்கி, அவள் படத்தைத் திரித்து வெளியிடுவதாகக் கொள்வோம். பெற்றோர் என் செய்வர்? காவல் நிலையம் சென்றால் பெயர் கெடும் என அஞ்சுவர்; கைப்பேசியைப் பிடுங்குவர்; படிப்பை நிறுத்துவர். பொருள் வசதியுடையோர், காதும் காதும் வைத்தாற்போல் முடிப்பதற்காகத் தனியார் துப்பறிவாளரை நாடுவர். இவ்வழி எந்த அளவு பயன் தரும், எங்கே தீங்காக முடியும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒற்றும் அரசும்

திருக்குறளில் ஒற்றாடல் என்னும் அதிகாரம் பொருட்பாலில் இடம்பெறுகின்றது. ஒற்று என்பது அரசனுக்குரிய கருவியாகவே அங்குப் பேசப்படுகின்றது. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பு நோக்கிய பின்னரே ஏற்க வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. இதனின்று இரண்டு உண்மைகள் பெறப்படும். பிறர் மறைவினுள் புகுந்து ஆராயும் அதிகாரம் தனி மனிதர்க்குரியதன்று என்பது ஒன்று. ஒருவர் கூறியதை மட்டும் நம்பி எவர் மீதும் குற்றம் சுமத்தலாகாது என்பது மற்றொன்று. இன்றைய சட்டமும் இவ்விரண்டையே வேறு சொற்களில் வற்புறுத்துகின்றது.

சென்னை காட்டிய வழி

இத்துறையில் இந்தியாவுக்கே முன்னோடியான வழக்கு நம் தமிழகத்தில்தான் நடைபெற்றது. மணமுறிவு பெற்ற ஒரு பெண்மணியைப் பற்றி யாகூ செய்திக் குழுவில் ஆபாசமும் அவதூறும் கலந்த செய்திகள் வெளியாயின. அவர் பெயரிலேயே ஒரு பொய் மின்னஞ்சல் கணக்கும் தொடங்கப்பட்டிருந்தது. அவற்றைக் கண்ட முன்பின் அறியாதோர் பலர் அவரைத் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை தந்தனர். 2004 பிப்ரவரியில் அவர் முறையிட, சென்னைக் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு மும்பையில் ஒருவரைக் கைது செய்தது. அவர் அயலார் அல்லர், அக்குடும்பத்துக்கு அறிமுகமானவர், அப்பெண்ணை மணக்க விரும்பி அது கைகூடாதவர்.

தம்மை எதிர்த்து வந்த சான்றுகள் செல்லா என்றும், அச்செய்திகளை முன்னாள் கணவரோ முறையிட்ட பெண்மணியோ அனுப்பியிருக்கலாம் என்றும் எதிர்த்தரப்பு வாதிட்டது. அவ்வாதம் எவ்வாறு வீழ்ந்தது என்பதே நாம் கருத வேண்டுவது. செய்திகள் புறப்பட்ட இணைய மையங்களின் உரிமையாளர்கள் சாட்சியம் அளித்தனர். இணையச் சட்ட வல்லுநரான தனியார் ஒருவர், அச்செய்திகளை முறைப்படி பதிவிறக்கி, சான்றுச் சட்டத்தின் 65ஆ பிரிவின்படி சான்றளித்தார். 5-11-2004 அன்று எழும்பூர் நீதிமன்றம் எதிரியைக் குற்றவாளி எனத் தீர்த்து, ஈராண்டுக் கடுங்காவலும் தண்டத்தொகையும் விதித்தது. குற்றப்பத்திரிகை அளிக்கப்பட்டது 24-3-2004. அதனின்று எட்டுத் திங்களுக்குள் வழக்கு முடிவுற்றது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின் கீழ் நாட்டில் கிடைத்த முதல் தண்டனை இதுவெனச் சட்டத்துறையினர் குறிப்பிடுவர்.

இங்கே தனியார் ஒருவரின் பங்கு உண்டு. ஆனால் அவர் காவல்துறைக்கு மாற்றாக நிற்கவில்லை, துணையாகவே நின்றார்.

துப்பறிவாளர் செய்யத்தக்கவை

பொதுவில் எவரும் காணக்கூடிய பதிவுகளைத் தேடித் தொகுத்தல், அவை வெளியான நாள், நேரம், இணைய முகவரி ஆகியவற்றுடன் படமெடுத்துக் காத்தல், நிகழ்ச்சிகளைக் கால வரிசைப்படுத்துதல், சாட்சியம் கூற வல்லாரைக் கண்டறிதல் ஆகியவை சட்டத்துக்கு உட்பட்ட பணிகளாம். ஒரே எழுத்துப் பிழை, ஒரே சொல்வழக்கு, ஒரே படம் பல கணக்குகளில் காணப்படின், அவை ஒருவர் கைவேலையாகலாம் என்ற ஐயத்தை அவர் எழுப்பலாம். ஐயம் வேறு, மெய்ப்பிப்பு வேறு என்பதை மட்டும் மறத்தலாகாது.

செய்யத்தகாதவை

ஒரு கணக்கு எந்த இணைப்பிலிருந்து இயக்கப்பட்டது என்னும் விவரம் சமூக ஊடக நிறுவனத்திடமும் இணையச் சேவை நிறுவனத்திடமுமே உள்ளது. காவல்துறையோ நீதிமன்றமோ முறைப்படி கேட்டாலன்றி அதனை வழங்கார். தொலைபேசி அழைப்பு விவரங்களும் அத்தகையனவே. அவற்றை வாங்கித் தருவதாக ஒருவர் கூறின், அவர் பொய்யுரைக்கின்றார், அன்றேல் குற்றம் புரிகின்றார். 2018இல் தானே நகரக் காவல்துறையினர், அழைப்பு விவரங்களை முறைகேடாகப் பெற்று விற்றதாகக் குற்றஞ்சாட்டித் தனியார் துப்பறிவாளர் சிலரைக் கைது செய்தனர். பிறர் கணக்கினுள் திருட்டுத்தனமாக நுழைதல் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதனைச் செய்யுமாறு ஏவியவரும் வழக்கில் சிக்குவர். பாதிக்கப்பட்டவரே எதிரியாக நிற்கும் அவலம் நேரும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. துப்பறியும் நிறுவனங்களை நெறிப்படுத்தும் மசோதா ஒன்று 2007இல் மாநிலங்களவையில் முன்வைக்கப்பட்டது. அது சட்டமாகாமலே திரும்பப் பெறப்பட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் காவலாளிகளை அமர்த்தும் நிறுவனங்களுக்கே உரியது. எனவே துப்பறிவாளர் எனப் பலகை மாட்டுவோரின் தகுதியை நாமே ஆராய வேண்டியுள்ளது. பணியின் எல்லை, கட்டணம், மந்தணம் காத்தல், படங்களைத் திருப்பித் தருதல் ஆகியவற்றை எழுத்தில் பெறாமல் ஒரு பெண்ணின் படத்தை எவரிடமும் ஒப்படைத்தலாகாது. மறைவைக் காக்க வந்தவரே அம்மறைவைக் காட்டி மிரட்டவும் கூடும்.

சட்டத்தின் துணை

1-7-2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, இணைய வழிப் பின்தொடர்தலைக் குற்றம் என்கின்றது; 351ஆம் பிரிவு பெயர் மறைத்து மிரட்டுவோர்க்குக் கூடுதல் தண்டனை வகுக்கின்றது. எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம். மின்னணு வழியிலும் முறையிடலாம், ஆயின் மூன்று நாள்களுக்குள் கையொப்பமிடல் வேண்டும். பின்தொடர்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்ணின் முறையீட்டைப் பெண் அலுவலரே பதிவு செய்தல் வேண்டும் என்பது, தயங்கும் பெற்றோர்க்கு ஆறுதல் தரும் செய்தியாகும். தொல்லை தருபவர் கல்லூரியைச் சேர்ந்தவராயின் உள்ளகப் புகார்க் குழுவும் உண்டு.

மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் இன்றியமையாதது என 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. புதிய சான்றுச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, கருவியின் பொறுப்பாளரும் வல்லுநரும் கையொப்பமிடும் சான்றிதழை வேண்டுகின்றது. ஆதலின் அருவருப்பால் செய்திகளை அழித்துவிடுதல் பெரும்பிழை. மூலச் செய்தி இருந்த கைப்பேசியை மாற்றாமலும் விற்காமலும் காத்தல் வேண்டும்.

பதிவின் வலிமைக்கு நம் மாவட்டத்திலேயே சான்றுண்டு. அருப்புக்கோட்டைக் கல்லூரி மாணவியரைத் தவறான வழிக்கு அழைத்த வழக்கு, 2018இல் வெளிப்பட்ட ஒரு தொலைபேசி ஒலிப்பதிவிலிருந்தே எழுந்தது. திருவில்லிபுத்தூர் மகளிர் விரைவு நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அவ்வழக்கில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

முடிவுரை

துப்பறிவாளரை அமர்த்துதல் தவறன்று. முறையீட்டைத் தவிர்ப்பதற்காக அமர்த்துதலே தவறு. சான்றைத் திரட்ட அவர் உதவலாம். பகைவனின் முகத்தை உறுதியாகக் காட்டும் அதிகாரம் சட்டத்துக்கே உண்டு. ஆகவே முதலில் சான்றைக் காத்தல், அடுத்து முறையிடுதல், தேவையெனின் வல்லுநரை நாடுதல் என்னும் வரிசையே நன்று.

பெரியோர்கள் ஒன்றைக் கருத வேண்டுகிறேன். சென்னைப் பெண்மணி வாய்மூடி இருந்திருப்பின், பழி அவர் மீதே நிலைத்திருக்கும். அவர் பேசியமையால் பழி உரியவரைச் சென்றடைந்தது. தொல்லைக்கு ஆளான மாணவியின் படிப்பை நிறுத்துவது, முகமறியாப் பகைவனுக்கு நாமே வழங்கும் வெற்றியாகும். அவள் மறுநாளும் வகுப்பறைக்கு வருதல் வேண்டும். அவளுக்குத் துணையாகக் காவல் நிலையத்துக்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் செல்லுதல் வேண்டும்.