பழைய மோட்டாரின் கார்புரேட்டர்: நாமே கழற்றி நாமே மாட்டுவோம்!

தோட்டப்புறத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு இன்று அபூர்வம். பால் வெட்டுக்குப் போகிறவருக்கும், செம்பனைப் பழம் வெட்டப் போகிறவருக்கும், மருந்தடிக்கப் போகும் நம் பெண்களுக்கும் அதுதான் கால். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விடுவதும், டவுனில் சாமான் வாங்கி வருவதும் அதில்தான். புது வண்டி வாங்க எல்லோராலும் முடிவதில்லை. அப்பா ஓட்டிய கப்சாயை மகன் ஓட்டுகிறான். மகன் விட்டதைத் தம்பி எடுத்துக்கொள்கிறான்.

இந்தப் பழைய வண்டிகள் பெரும்பாலும் காலை இருட்டில்தான் காலை வாரும். உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துபோகும். "அண்ணே, நேத்து சாயங்காலம் நல்லாத்தானே ஓடுச்சு, இன்னிக்கு ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது" என்ற புலம்பலைத் தோட்டந்தோட்டமாகச் சுற்றும் நாம் கேட்காத வாரம் இல்லை. பெரட்டு முடிந்த பிறகு போய் நின்றால் மண்டோர் என்ன சொல்வார் என்று சொல்லத் தேவையில்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. வாரம் ஆறு நாள் வேலை என்றால் அது ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. வண்டி கிளம்பாத நாளில் அந்தக் காசு போகிறது. அதற்கு மேல் பட்டறைச் செலவு வேறு.

பெட்ரோல் இருக்கிறது, பிளக்கில் பொறி வருகிறது, ஆனாலும் வண்டி கிளம்பவில்லை என்றால் பத்துக்கு ஏழெட்டு முறை கோளாறு கார்புரேட்டரில்தான் என்பது நம் அனுபவம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய இஞ்சினியர் படிப்பு வேண்டியதில்லை. பொறுமையும் சுத்தமான கையும் போதும்.

அது என்ன வேலை செய்கிறது?

கொசு மருந்தடிக்கும் தகரப் பம்பை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிடியைத் தள்ளினால் காற்று ஒரு சிறு குழாயின் வாயைக் கடந்து வேகமாகப் பாயும். அந்த வேகத்தில் டப்பாவிலிருக்கும் மருந்து மேலே இழுக்கப்பட்டுப் புகைபோலச் சிதறும். கார்புரேட்டரும் அதே வித்தைதான். இஞ்சின் காற்றை இழுக்கிறது. காற்று ஒடுங்கிய குழாய் வழியே பாயும்போது அடியிலுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோலை இழுத்துத் தூளாக்கிக் கொண்டுபோகிறது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று சேர வேண்டும். பெட்ரோல் கூடினால் கரும்புகை. குறைந்தால் இஞ்சின் சூடேறித் திணறும்.

இந்த வித்தை பழையது. ஹங்கேரி நாட்டின் டொனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்ற இருவர் 1893-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். கப்சாய்க்கெல்லாம் மூத்த வண்டியான ஹோண்டா சூப்பர் கப் 1958-இல் ஜப்பானில் வெளிவந்தது. 2017-இல் அந்த வரிசை வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது.

கிண்ணத்துக்குள் ஒரு மிதவை உண்டு. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து என்ன செய்கிறதோ அதையே இதுவும் செய்கிறது: பெட்ரோல் நிறைந்தால் மேலே ஏறி, ஊசி வால்வால் வழியை மூடும். கிண்ணத்துக்குள் இரண்டு பித்தளை ஜெட்டுகள் இருக்கும். சிறியது வண்டி நின்றபடி ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும். பெரியது கையைத் திருகி வேகமெடுக்கும்போது கொடுக்கும். நடுவில் ஏறி இறங்கும் உருளையும் அதில் தொங்கும் நீள ஊசியும் கைத்திருகலுக்குக் கட்டுப்பட்டவை. இந்த நாலையும் அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நோயும் அதன் அடையாளமும்

சோக்கு இழுத்தால்தான் ஓடுகிறது, சோக்கை விட்டால் நின்றுவிடுகிறது என்றால் சிறிய ஜெட்டு அடைத்திருக்கிறது. மெதுவாக ஓடுகிறது, வேகமெடுத்தால் மூச்சுவாங்குகிறது என்றால் பெரிய ஜெட்டையோ, தொட்டிக்குக் கீழுள்ள வடிகட்டியையோ, தொட்டி மூடியின் காற்றுத் துளையையோ பார்க்க வேண்டும். நிறுத்திய இடத்தில் பெட்ரோல் சொட்டினால் ஊசி வால்வில் தூசி, அல்லது அது தேய்ந்துவிட்டது. கையை விட்ட பிறகும் இஞ்சின் கத்திக்கொண்டே இருந்தால் கார்புரேட்டர் இஞ்சினோடு சேரும் இடத்தில் ரப்பர் வளையம் வெடித்துக் காற்று உள்ளே போகலாம். கேபிள் சிக்கியும் இருக்கலாம்.

கழற்றுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: தொட்டியிலிருந்து பெட்ரோல் தாராளமாக வருகிறதா, பிளக்கு நன்றாக இருக்கிறதா, ஏர் பில்டர் செம்மண் தூசியில் அடைத்திருக்கிறதா? பிளக்கின் முனை கரிபிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. பழுப்பு நிறமென்றால் சரியான கலவை.

கழற்றும் முறை

இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். இடம் வெட்டவெளியாக இருக்கட்டும். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்துபோய் எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப்பிடிக்கும். ஆகவே பக்கத்தில் பீடி சிகரெட்டோ, சாமி விளக்கோ, சமையல் அடுப்போ வேண்டாம். சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

முதலில் பெட்ரோல் திருகை மூடுங்கள். கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி உள்ளே இருப்பதை ஒரு போத்தலில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் முத்துப்போல் உருண்டு நின்றால் வியாதியின் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு பெட்ரோல் குழாய், மேல்மூடி, அதோடு வரும் உருளை, கடைசியாக இஞ்சினோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகள். பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பானர் போதும். இப்போது எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறதே, ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியதை வரிசையாக ஒரு வெள்ளைத் துணியில் வையுங்கள். ஒரு ஸ்பிரிங் புல்லுக்குள் தெறித்துவிட்டால் அன்றைய வேலை அதோடு போச்சு!

கிண்ணத்தின் ஸ்குரூக்கள் மென்மையானவை. சரியாகப் பொருந்தும் திருப்புளியை நன்றாக அழுத்தித் திருப்புங்கள். காற்று ஸ்குரூவைக் கழற்றுமுன் அதை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். உட்கார்ந்த பிறகு முறுக்கினால் அதன் கூர்முனை கெட்டுவிடும்.

சுத்தம் செய்யும் முறை

"ஊசியை விட்டுக் குத்தினா அடைப்பு போயிடும்" என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஜெட்டு பித்தளை, அதன் துளை மயிரளவு. இரும்புக் கம்பியோ தையல் ஊசியோ பட்டால் துளை பெரிதாகிப் பெட்ரோல் குடிக்கும் வண்டியாகிவிடும். தூண்டில் நரம்பு, அல்லது மின்சார வயருக்குள் இருக்கும் ஒற்றைச் செப்பு இழை போதும். கார்புரேட்டர் சுத்தம் செய்யும் மருந்தைத் தெளித்துச் சற்று ஊறவிட்டு, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். தெளிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். துளை வழியே மருந்து எதிர்ப்பக்கம் பீய்ச்சியடித்து வரும். பிறகு ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: வட்டமாக ஒளி தெரிய வேண்டும். சில வண்டிகளில் சிறிய ஜெட்டு அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அதோடு மல்லுக்கட்டாமல், இருந்த இடத்திலேயே மருந்தடித்து ஊதுங்கள். ரப்பர் வளையங்களை மருந்தில் போட வேண்டாம், ஊதிப் பெருத்துவிடும்.

மிதவையைக் காதோரம் ஆட்டிப் பாருங்கள். உள்ளே சத்தம் வந்தால் அது ஓட்டை. சந்தேகமிருந்தால் வெந்நீரில் அமுக்குங்கள், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். ஊசி வால்வின் முனையில் வளையம்போலத் தேய்மானம் தெரிந்தால் புதிது போட்டாக வேண்டும்.

மாட்டும்போது கவனம்

ஸ்பேர் கடையில் வண்டியின் பெயரையும் மாடலையும் சொன்னால் ரிப்பேர் கிட் கிடைக்கும். கேஸ்கட்டு, ரப்பர் வளையம், ஊசி வால்வு எல்லாம் அதில் இருக்கும். பழைய ஜெட்டு நன்றாக இருந்தால் அதையே போடுங்கள். மாற்றினால் அதில் பொறித்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். நீள ஊசியின் கிளிப்பு எந்தப் பள்ளத்தில் இருந்ததோ அதே பள்ளத்துக்குப் போகட்டும்.

இனிச் சொல்வதை இரண்டு முறை படியுங்கள். உருளையின் அடியில் ஒரு பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும். அந்த வெட்டு ஏர் பில்டர் பக்கம் பார்க்க வேண்டும். உருளையிலுள்ள நீளப் பள்ளம் உள்ளேயுள்ள முளையில் உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் கையை விட்டாலும் வேகம் குறையாது. பழ லாரி வரும் சாலையில் அது உயிருக்கே உலை. ஆகவே ஸ்டார்ட் செய்யுமுன் கைத்திருகலை முழுக்கத் திருகி விடுங்கள். 'டக்' என்று தானாக மூட வேண்டும். ஹாண்டலை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை வளைத்தும் அப்படியே பாருங்கள்.

பிறகு பெட்ரோலைத் திறந்து ஐந்து நிமிடம் பொறுங்கள். சொட்டு இல்லையென்றால் உதையுங்கள். காற்று ஸ்குரூ எழுதி வைத்த கணக்கில் இருக்கட்டும். கணக்குத் தவறிவிட்டால் ஒன்றரைச் சுற்று வெளியே என்று தொடங்கலாம். இஞ்சின் சூடேறியதும் அதை மெல்ல முன்னும் பின்னும் திருகி, சத்தம் சீராக உயரும் இடத்தில் விடுங்கள். அதன்பின் வேக ஸ்குரூவைத் தளர்த்தி நிதானத்துக்குக் கொண்டுவாருங்கள். இதையெல்லாம் வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய கொட்டகையில் புகை ஆளைக் கொன்றுவிடும்.

நாலு சக்கர வண்டி யாருடையது?

சில தோட்டங்களில் ஏடிவி எனப்படும் பெருஞ்சக்கர வண்டிகள் ஓடுகின்றன. 1970-இல் ஹோண்டா இதன் முன்னோடியாக மூன்று சக்கர வண்டி ஒன்றை விற்கத் தொடங்கியது. பழைய சிறு ஏடிவிகளில் பலவற்றின் கார்புரேட்டர் மேலே சொன்ன மாதிரிதான். பெரியவற்றில் உருளைக்கு மேல் மெல்லிய ரப்பர்த் தகடு இருக்கும். அது கிழிந்தால் வண்டி இழுக்காது. அதன்மேல் மருந்து தெளிக்கவே கூடாது.

ஆனால் அந்த வண்டி நிர்வாகத்தின் சொத்து. அதைப் பாதுகாப்பான நிலையில் வைப்பது 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி முதலாளியின் கடமை. "நீதான் கைவேலைக்காரனாச்சே, கொஞ்சம் பாரேன்" என்று கேட்டால், பழுதை எழுத்தில் கொடுத்துவிட்டு நில்லுங்கள். சம்பளமும் பொறுப்பும் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். நம் சொந்த வண்டியில் வேலைக்குப் போய்வரும் வழியில் விபத்து நேர்ந்தால், 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொக்சோ பாதுகாப்பு உண்டு. வழக்கமான பாதையில் வந்தீர்களா என்பது அங்கே முக்கியம். அடிபட்டால் உடனே நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் தெரிவித்து, போலீஸ் புகாரும் மருத்துவச் சீட்டும் பத்திரப்படுத்துங்கள்.

வராமல் காப்பது

பல வாரம் நிற்கப் போகும் வண்டியின் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். பழைய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும். ஏர் பில்டரை மாதம் ஒருமுறை தட்டிப் பாருங்கள். போத்தலில் வாங்கும் பெட்ரோலை வடிகட்டி ஊற்றுங்கள். ஒரு லயத்துக்கு ஒரு மருந்துப் புட்டியும் ஒரு செட் ஸ்பானரும் என்று நாலு வீடு சேர்ந்து வாங்கினால் யாருக்கும் பாரமில்லை. வேலை தெரிந்தவர் ஒருவர், பக்கத்தில் பையன்களோடு பெண்பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கட்டும்.

இத்தனையும் செய்தும் வண்டி வழிக்கு வரவில்லையென்றால் வால்வோ பிஸ்டனோ தேய்ந்திருக்கலாம். அது பட்டறைக்காரர் வேலை. அங்கேயும் மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எது கெட்டது, எதற்குக் காசு கொடுத்தோம் என்று தெரிந்துகொள்வது உழைத்துச் சம்பாதிக்கிறவனின் உரிமை!