கூலியைப் பற்றிய படிப்பு

“பெண் பி.ஏ.யில் பொருளாதாரம் படித்தாள். இப்போது எம்.ஏ.யில் உழைப்புச் சந்தையைப் பற்றி விசேஷமாகப் படிக்கப் போகிறாளாம். அதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும், ஸார்?” என்று பெற்றோர்கள் நம்மைக் கேட்பதுண்டு. உபாத்தியாயர் தொழிலில் இது சகஜம். யாருக்கு எந்த உத்தியோகம் கிடைக்கிறது, அதற்கு இவ்வளவுதான் சம்பளம் என்று எப்படி ஏற்படுகிறது என்பதுதான் அந்தப் படிப்பின் விஷயமே என்றால், நாம் வேடிக்கை பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள்!

சர்வகலாசாலையில் முதல் சில வாரங்களுக்குக் கரும்பலகையில் இரண்டு கோடுகளே தென்படும். ஒன்று ஆள் வேண்டுவோரின் தேவை. மற்றொன்று வேலை தேடுவோரின் அளிப்பு. இரண்டும் வெட்டிக்கொள்ளுமிடமே கூலி. அதற்கு மேல் சர்க்கார் சட்டம் போட்டுக் கூலியை உயர்த்தினால் வேலை குறையும் என்று கோடு சொல்லும். அரிசி வியாபாரத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் அரிசி மூட்டை நல்ல விலை வரும் வரையில் கிடங்கில் காத்திருக்கும்; இன்று விலைபோகாத இன்றைய உழைப்போ, பொழுது சாய்ந்தால் போனது போனதுதான். மேலும், மூட்டையை விற்றவன் வீட்டுக்குப் போய்விடலாம். உழைப்பை விற்றவன் அதனுடன் தானும் போய் நிற்க வேண்டும்.

இந்த வித்தியாசத்தைச் சென்னைச் சர்வகலாசாலை மாணாக்கர்கள் நூறு வருஷங்களுக்கு முன்பே நேரில் கண்டார்கள். 1915-ல் அங்கே பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறையில் கிராமங்களுக்குப் போய் விசாரித்து எழுதி வரும்படி அவர்களை ஏவினார். 1918-ல் அது நூலாக வெளிவந்தது. இன்றைய விழுப்புரம் ஜில்லாவிலுள்ள இருவேல்பட்டு அக்கிராமங்களில் ஒன்று. அங்கே படியாட்கள் இருந்தார்கள். கல்யாணச் செலவுக்கென்று வாங்கிய கடன் தீராமல் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும். நிலம் கை மாறினால் படியாளும் கை மாறுவான். வேறு எஜமானிடம் போக முடியாத இவனுக்கு எந்தக் கோட்டை வரைவது? அதே கிராமத்தை 1930-களிலும், 1980-களிலும், 2008-லும் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு மாணவருக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் வேண்டியதில்லை.

கடன் என்ற விலங்கு இல்லாவிட்டாலும், வேலை கொடுப்போர் ஒரு சிலரே என்றால் கூலி உழைப்பின் மதிப்புக்குக் கீழேயே நிற்கும். இதைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜோன் ராபின்ஸன் அம்மையார் 1933-ல் எழுதிய நூலில் விளக்கினார். அத்தகைய இடத்தில் சட்டம் கூலியை ஓரளவு உயர்த்தினால் வேலை குறைந்தே தீரும் என்பதில்லை, கூடவும் செய்யலாம்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய்தானா? 1992 ஏப்ரல் 1-ந் தேதி அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்துப் பென்ஸில்வேனியாவில் உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இருவர், எல்லைக்கு இரு புறத்திலும் 410 துரித உணவுக் கடைகளை, உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நியூ ஜெர்ஸியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை! 1994-ல் இது வெளிவந்ததும் பண்டிதர்களிடையே பெருஞ் சண்டை மூண்டது. கடைகளின் சம்பளக் கணக்குகளைக் கொண்டு வேறு இருவர் மறுத்தார்கள். இவர்கள் சர்க்கார் புள்ளி விவரங்களைக் கொண்டு பதில் சொன்னார்கள். 2021-ல் நோபல் பரிசில் பாதி கார்டுக்குக் கிடைத்தது. க்ரூகர் 2019-லேயே காலமாகிவிட்டார். அந்தச் சண்டையை இரு தரப்பிலும் படிப்பதுதான் இந்தப் படிப்பின் சாரமான பகுதி என்பது நமது அபிப்பிராயம். கணிதமும் புள்ளியியலும் கைவராதவர்களுக்கு அது விளங்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம்.

நம் நாட்டில் 2017-ல் ஆரம்பமான உழைப்பாளர் கணக்கெடுப்பின் விவரங்களை மாணவர் எவரும் பெற்று ஆராயலாம். அதிலுள்ள இலக்கணங்களே ஒரு தனிப் பாடம். வாரக் கணக்கின்படி, ஏழு நாளில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையிலிருப்பவரே. கணவனின் மளிகைக் கடையில் சம்பளமின்றி உட்கார்ந்து பொட்டலம் கட்டும் மனைவியும் அப்படியே. அவளே கடைக்கு வராமல், விடியற்காலை முதல் இரவு வரையில் வீட்டில் சமைத்து, துவைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் உழைப்பாளர் கணக்கில் சேரமாட்டாள்.