பஸ் நிற்காத பெட்டிகள்

எங்கள் பாடசாலை வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் இறப்பர் மரங்களுக்கு ஊடாக ஏ7 வீதி தெரியும். அதற்கும் கீழே களனி கங்கை. கித்துல்கலவுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் ஆற்றில் படகு விடத்தான் வருகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆற்றை விட றோட்டுத்தான் நெருக்கம். எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும், எந்த லொறி எந்தத் தோட்டத்துடையது என்பதையெல்லாம் ஹோர்ன் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சுற்றாடல் பாடத்தில் போக்குவரத்தைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க எனக்கு மனம் வரவில்லை. றோட்டையே ஒரு விளையாட்டுப் பலகையாக்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

அவிசாவளையில் தொடங்கி எட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவில் முடிகிறது ஏ7. ஏறத்தாழ 120 கிலோமீற்றர். இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு பெட்டி என்று கணக்குப் போட்டு, பிரிஸ்டல் போட் ஒன்றில் 60 பெட்டிகள் வரைந்தேன். ஒரு தாயக்கட்டை, நாலு சோடா மூடி. உருட்டுகிற எண்ணுக்கு நகர வேண்டும், நுவரெலியாவை முதலில் தொட்டவருக்கு வெற்றி. தாயக்கட்டையை ஒருமுறை உருட்டினால் சராசரியாக 3.5 விழும். அப்படியானால் 60 பெட்டிக்கு ஏறத்தாழ 17 உருட்டல், நாலு பிள்ளைகளுக்கு 70 உருட்டலுக்குக் கிட்ட. ஒன்றுக்கு அரை நிமிடம் வைத்தால் 35 நிமிடம். 40 நிமிடப் பாடவேளைக்குள் அடங்கிவிடும். கணக்கு சரியாக வந்துவிட்டதென்று நிம்மதியாகப் படுத்தேன்.

அந்தப் பலகையை முதலில் பார்த்தவர் அப்பா. முப்பது வருடம் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு இதே றோட்டில் கொழும்புக்கு லொறி ஓட்டியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுப் பார்த்தார். “ஏம்மா, எட்டியாந்தோட்ட றோட்டும் கினிகத்தேன ஏத்தமும் ஒண்ணா? இங்க மூணாவது கியர்ல போவேன். அங்க லொறி ரெண்டாவதுலயே கெடந்து மூச்சு வாங்குமே” என்றார்.

அவர் சொன்னதுதான் பயண விளையாட்டு செய்கிற எவருக்கும் முதல் பாடம். வரைபடத்தில் தூரம் இருக்கும், பிரயாணத்தில் இருப்பது நேரம். கித்துல்கல வரைக்கும் றோட்டு ஆற்றோடு சேர்ந்து ஓடும். அதற்கு மேல் மலை. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,271 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். சமதரையில் ஓடுகிற கிலோமீற்றரும் வளைந்து வளைந்து ஏறுகிற கிலோமீற்றரும் ஒரே பெட்டிக்குள் அடங்காது. அடுத்த சனிக்கிழமை கைக்கடிகாரமும் கொப்பியுமாக பஸ் ஏறினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எந்த இடத்தில் இருக்கிறோம் என்று குறித்துக்கொண்டே போனேன். அந்தக் குறிப்பை வைத்து வரைந்த இரண்டாவது பலகையில் 56 பெட்டிகள். கித்துல்கலவுக்குக் கீழே பெட்டிகள் குறைந்தன, மேலே நெருக்கமாகக் கூடின. அப்பா பார்த்துவிட்டு, “இப்பதான் இது நம்ம றோட்டு” என்றார்.

வழியை விளையாட்டாக்குவது புதிய யோசனை அல்ல. 1759இல் இலண்டனில் ஜோன் ஜெஃபரிஸ் என்பவர் ஐரோப்பா முழுவதையும் சுற்றிவருகிற ஒரு பூகோள விளையாட்டை வெளியிட்டார். தாயக்கட்டை என்றால் சூதாட்டம் என்று நினைத்த காலம் அது. அதனால் இப்படியான விளையாட்டுகளில் எண் எழுதிய சிறு பம்பரத்தைச் சுற்றிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். ஜப்பானில் கியோத்தோவையும் எதோவையும் இணைத்த தொகைதோ என்ற பழைய பெருவழியில் 53 தங்குமிடங்கள் இருந்தன. அவற்றை வரிசையாக வரைந்து தாயம் போட்டு விளையாடுகிற அச்சுத் தாள்கள் அங்கே பரவலாக இருந்தன. பிரான்சில் எட்மோன் துஜார்தன் 1954இல் கொண்டுவந்த ‘மில் போர்ன்’ ஒரு சீட்டு விளையாட்டு. ‘ஆயிரம் மைல்கற்கள்’ என்று பெயரைத் தமிழாக்கலாம். யார் முதலில் 1,000 கிலோமீற்றர் ஓடுகிறார் என்பதே போட்டி. எதிராளியின் மேல் டயர் பஞ்சர், எரிபொருள் தீர்ந்தது, சிவப்பு விளக்கு என்று சீட்டுப் போட்டு அவரை நிறுத்தலாம். நம் பக்கத்துச் சிங்கள வீடுகளில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சோழியைச் சிரட்டையில் குலுக்கி விளையாடுகிற பஞ்ச கெலியவும், நம் தாயமும் வழி நடக்கிற விளையாட்டுகள்தான்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு இரண்டாவது பலகையில் தடங்கல்களைச் சேர்த்தேன். டயர் பஞ்சர் என்றால் ஒருமுறை நிற்க வேண்டும். மிச்சக் காசு கிடைக்கவில்லை என்றால் ஒரு காசு நட்டம். வட்டவளையில் பனிமூட்டம், இரண்டு பெட்டிக்கு மேல் நகர முடியாது. கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரு பெட்டிக்கு மண்சரிவு என்று எழுதி, அதில் நின்றவர் அவிசாவளைக்கே திரும்ப வேண்டும் என்று போட்டேன். பாம்பும் ஏணியும் விளையாட்டில் பெரிய பாம்பு எப்படியோ அப்படித்தான் அதை நினைத்தேன்.

தரம் 5 பிள்ளைகள் நாலு பேரை உட்கார வைத்து விளையாடவிட்டேன். விளையாட்டைச் சோதிப்பதற்கு ஒரு முறை உண்டு. விதியை எழுதிக் கொடுத்துவிட்டு, செய்தவர் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளை எந்த இடத்தில் நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கிறதோ அந்த இடத்தில் விதி சரியில்லை. டீச்சருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

அன்று இரண்டு விடயங்கள் நடந்தன. ஒரு சிறுமிக்கு மண்சரிவுப் பெட்டி வந்தது. அவள் மூடியை அதில் வைக்கவில்லை, கைக்குள்ளேயே பொத்திக்கொண்டாள். “நா வெக்க மாட்டேன் டீச்சர்” என்றாள். முந்தின மழைக்காலத்தில் அவள் இருக்கிற லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி, அவள் குடும்பம் பத்து நாள் பாடசாலை மண்டபத்தில் படுத்திருந்தது. எனக்குத் தெரிந்த விடயம்தான். தெரிந்திருந்தும் அதை ஒரு பாம்பின் வாய் மாதிரி வரைந்திருந்தேன். எங்கள் கேகாலை மாவட்டத்தில் 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, இறந்தோரும் காணாமல் போனோருமாக நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயன் வீடுகளும் மண்ணுக்குள் போயின. இந்தப் பக்கத்தில் மண்சரிவு என்ற சொல்லைத் தாயக்கட்டையின் கையில் கொடுக்கக் கூடாது.

மற்றது, 17ஆம் பெட்டி. அங்கே பாலம் ஒன்று வரைந்து, நிற்பவருக்கு இரண்டு புள்ளி என்று போட்டிருந்தேன். டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளை வாங்கிய ‘குவாய் ஆற்றின் மேல் பாலம்’ என்ற ஆங்கிலப் படத்துக்காகக் கித்துல்கலவில் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி, பிறகு வெடி வைத்துத் தகர்த்தார்கள். கதை நடப்பது தாய்லாந்தில், படத்தில் தெரிகிற ஆறு எங்கள் களனி கங்கை. பாலத்தின் அடித்தளத்தைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பெட்டியைப் பார்த்த ஒரு பையன், “டீச்சர், அங்க பஸ் நிக்காதே” என்றான். மற்றப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். தலவாக்கலைக்கு இந்தப் பக்கம் நான் வரைந்திருந்த டெவோன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளையும் காட்டினான். “அதையும் பஸ் ஜன்னலாலதான் பாப்போம். எறங்கிறதில்ல.”

வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துச் சுற்றுலாக்காரர்களின் றோட்டை வரைந்து, அதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பலகையை மடித்து வைத்துவிட்டு, “சரி, நீங்க எங்க இறங்குவீங்க, சொல்லுங்க” என்று கேட்டேன். கொட்டிவிட்டார்கள். கித்துள் பாணி விற்கிற ஆச்சியின் தட்டி. கினிகத்தேனையில் பிளேன்டீயும் வடையும். வட்டவளையில் அத்தை வீடு. ஹட்டனில் தீபாவளி உடுப்பு. மார்கழி முதல் வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்குப் போகிற கூட்டம் நல்லதண்ணிக்கு பஸ் பிடிக்கிற இடம். சித்திரையில் நுவரெலியாவில் பூ பார்க்கப் போவது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். மூன்றாவது பலகை அந்தக் கொப்பியிலிருந்து வந்தது.

மூன்றாவதில் தாயக்கட்டையே கிடையாது. தாயக்கட்டை உருளும்போது பிள்ளைக்குத் தீர்மானிக்க ஒன்றும் இல்லை. பிரயாணம் என்பதோ முழுக்கத் தீர்மானங்கள்தான்: இங்கே நிற்பதா, அடுத்த ஊரில் நிற்பதா, இருக்கிற பெற்றோல் போதுமா. பிரெஞ்சு நாட்டு அன்ரோயின் போசா 2012இல் வெளியிட்ட ‘தொகைதோ’ என்ற பலகை விளையாட்டில் ஒரு விதி உண்டு. எல்லோருக்கும் பின்னால் நிற்பவர்தான் அடுத்ததாக நகர வேண்டும். அடுத்த சத்திரம் வரைக்கும் எவ்வளவு தூரமும் போகலாம். ஆனால் ஓடிப்போனவர், மற்றவர்கள் தன்னைத் தாண்டும் வரைக்கும் சும்மா காத்திருக்க வேண்டும். மெதுவாகப் போகிறவருக்குப் பல நிறுத்தங்கள் கிடைக்கும். இந்த ஒரு விதியை எடுத்துப் போட்டதும் பலகைக்கே உயிர் வந்தது.

பெற்றோலுக்கு இறப்பர் கொட்டை. தோட்டத்தில் கீழே விழுந்து கிடப்பதைப் பிள்ளைகளே பொறுக்கி வந்தார்கள், வழவழவென்று, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான புள்ளி. சமதரையில் ஒரு கொட்டைக்கு நாலு பெட்டி போகலாம், ஏற்றத்தில் இரண்டே பெட்டி. பெற்றோல் செட்டில் எத்தனை கொட்டை தருவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன், “அஞ்சுதான் டீச்சர், கியூஆர் மாதிரி” என்றான். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான் கிடைத்தது. அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். ஐந்து என்றே வைத்தோம்.

மழைக்குப் பலகையின் ஓரத்தில் ஓர் அளவுகோல் வரைந்தேன், 0 முதல் 150 வரைக்கும். கித்துல்கலவைத் தாண்டியதும் ஒவ்வொரு முறையும் ஒரு மழைச் சீட்டு எடுத்து, அதில் உள்ள மில்லிமீற்றர் அளவுக்குக் காகிதக் கிளிப்பை மேலே தள்ள வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கிற அளவுகளைத்தான் எடுத்துக்கொண்டேன். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், புறப்படத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் சிவப்பு, வெளியேற வேண்டும். வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிற வட்டவளைப் பக்கத்தில் இந்த எண்கள் வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டியவை. விளையாட்டில் சிவப்பு வந்தால் ஏற்றத்தில் நிற்கிற எல்லோரும் பக்கத்துப் பாடசாலைக்கோ கோவிலுக்கோ போய்விட வேண்டும். நட்டம் ஒன்றும் இல்லை. மஞ்சளிலேயே தானாக ஒதுங்கியவருக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். மூடியை வைக்க மறுத்த சிறுமிதான் இப்போது கிளிப்பைத் தள்ளுகிறவள். வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

‘மில் போர்னை’ப் பார்த்து, அடுத்தவரை நிறுத்துகிற சீட்டுகளையும் செய்து பார்த்தேன். வகுப்பில் சண்டை வந்தது, எடுத்துவிட்டேன். மலை றோட்டில் பழுதாகி நிற்கிற வண்டியைக் கண்டால் அப்பா ஒருநாளும் தாண்டிப் போனதில்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது. கொட்டை தீர்ந்து நிற்பவரை இன்னொருவர் ஏற்றிக்கொண்டு போகலாம், இருவருக்கும் புள்ளி உண்டு என்று மாற்றினேன். முதலில் நுவரெலியா போய்ச் சேர்ந்தவருக்கு மூன்றே புள்ளி. மிச்சமெல்லாம் வழியில் கண்டதற்கும் சாப்பிட்டதற்கும் ஏற்றிக்கொண்டு போனதற்கும். பாலத்தை அழிக்கவில்லை. அது ஜன்னலால் பார்க்கிற பெட்டி, நிற்காமல் கடந்தாலே ஒரு புள்ளி.

ஒரு பிரிஸ்டல் போட், இரண்டு நிறப் பேனை, ஒரு கை கொட்டை, நாலு சோடா மூடி, பழைய கொப்பி மட்டையில் வெட்டிய 40 சீட்டு. செலவு அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு ஏ9 இருக்கிறது, மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு ஏ4. கொட்டைக்குப் புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரையத் தொடங்க முன் ஒருமுறை பஸ் ஏறி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து, பஸ் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பேனையை அதற்குப் பிறகு எடுங்கள்.