எங்கள் ஊர் மூணாறு: ஏட்டில் உள்ள பெயர்களும் இல்லாத பெயர்களும்

எர்ணாகுளத்திற்குக் குடிவந்து பல ஆண்டுகள் ஆகியும், சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் மூணாறு என்றுதான் சொல்லுகிறேன். சென்ற மாதம் என் மகளின் பள்ளியில், சொந்த ஊரின் வரலாற்றையும் அங்கு வாழ்ந்த முக்கியமானவர்களையும் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதியதை வாங்கிப் பார்த்தேன். முக்கியமானவர்கள் மூன்று பேர், மூவரும் வெள்ளைக்காரர்கள்! அவளைக் குறை சொல்வதற்கில்லை. கையில் கிடைக்கும் புத்தகங்களில் அவர்கள்தான் இருக்கிறார்கள். நம் சங்க அன்பர்களில் பலர் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் ஆகையால், அவளுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

அவள் எழுதியதில் தவறில்லை. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். ஏ.எச். ஷார்ப் பார்வதி எஸ்டேட்டில் முதலில் தேயிலை நட்டார். மூன்றாமவர் எலினர் இசபெல் மே. மணமாகி வந்த சிறிது காலத்திலேயே, 1894-இல் காலராவில் இறந்துபோன பெண். மலைமேல் அவர் கல்லறைதான் முதலில் வந்தது. அதன் கீழே உள்ள சர்ச் 1911-இல்தான் திறக்கப்பட்டது.

சரி, தேயிலை நடக் காட்டை வெட்டியது யார்? திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த நம் ஆட்கள். போடிநாயக்கனூரிலிருந்து நடந்தே மலையேறியவர்கள் பலர். என் பாட்டியின் தாயாரும் அப்படி வந்தவர்தான். எந்த வருடம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. காலராவும் மலேரியாவும் இவர்களையும் கொண்டுபோயின. கல் நட்டுப் பெயர் வெட்டத்தான் ஆளில்லை.

மூணாற்றில் ரயில் ஓடியது என்றதும் மகள் சிரித்துவிட்டாள். 1902-இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி. 1908 முதல் சின்ன ரயில். தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலை விளிம்புவரை போகும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு போடி. மேலே இருந்த அந்த நிலையம்தான் இன்று சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கும் டாப் ஸ்டேஷன். 1924 ஜூலை வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகளுக்கு அது தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம். தண்டவாளத்தை மறுபடி போடவேயில்லை.

மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசார் போராடினார்கள். 1956-இல் கன்னியாகுமரிப் பகுதி அந்தப் பக்கம் போயிற்று. நாங்கள் இந்தப் பக்கம். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். அவர் வென்றார். மலையாளச் சீமைத் தேர்தலில் தமிழ்ப் பாட்டு! பாவலரின் தம்பிதான் இளையராஜா என்றதும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

2015 செப்டம்பரை அவளே டிவியில் பார்த்திருக்கலாம்; அப்போது கைக்குழந்தை. போனஸைப் பாதியாகக் குறைத்ததை எதிர்த்துக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. ஒன்பது நாளில் 20 சதவீதம் வாங்கினார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயர் அப்போது பிறந்ததுதான்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர் போனார்கள். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

நம் பக்கத்து வரலாறு ஏன் எழுதப்படவில்லை என்று பிறகு கேட்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்துவிட வேண்டும். மூன்று தலைமுறை இருந்த வீடாக இருந்தாலும் அதே விதிதான். மூட்டை கட்டும்போது பாத்திரம் வரும். பழைய காகிதம் வருமா? என் தாத்தாவின் பேர்ச்சீட்டு அப்படித்தான் தொலைந்தது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் சம்பளச் சீட்டு, கங்காணி நோட்டு, பிரட்டுக்களத்தில் எடுத்த புகைப்படம் எதுவாவது இருந்தால், எரிக்காமல் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறேன். படத்தின் பின்னால் ஆட்களின் பெயரைப் பென்சிலால் எழுதித் தந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.