வாலிபரின் மனத்துயர்

பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலந்தோறும் பத்திரிகைகளில் சில சிறு செய்திகள் வருகின்றன. பிள்ளைகளைப் பெற்றவர் எவரும் அவற்றை நெஞ்சம் நடுங்காமல் படிக்க இயலாது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நமது தேசத்தில் 13,044 மாணாக்கர் தற்கொலையால் மாண்டனர் என்று சர்க்கார் கணக்கே கூறுகிறது. யுத்தகளத்தில் இத்தனை பிள்ளைகளை இழந்திருந்தால் தேசம் முழுவதும் துக்கங் காத்திருக்கும். இவர்களுக்கோ நாம் ஒரு நாளும் ஒதுக்கவில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் வெகுகாலம் கருணையற்றிருந்தது. 1860-இல் அன்னிய ஆட்சியினர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக்கிற்று. மரணத்தின் வாயிலிலிருந்து மீண்டவனுக்கு வேண்டியவர் வைத்தியரா, போலீஸ்காரரா? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அத்தகையவனைக் கடுந்துயரால் வருந்தியவனாகவே கருதவேண்டுமென்று விதித்தது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அப்பழைய பிரிவு இடம்பெறவில்லை; பொது ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்துடன் செய்யும் முயற்சி மட்டுமே குற்றமாக நிற்கிறது. இது நல்ல மாறுதலே.

அந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், சர்க்கார் செலவில் நடக்கும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை என்றும் சொல்லுகிறது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? மனோவியாதிகளில் பெரும் பகுதி இருபத்தைந்து வயதுக்கு முன்னரே தலைகாட்டுகிறது. உறக்கம் கெடுகிறது, உணவில் நாட்டமில்லை, சிநேகிதரை விட்டு ஒதுங்குகிறான், படிப்பில் மனம் செல்லவில்லை. வீட்டார் இதைச் சோம்பல் என்பர்; சிலர் மந்திரவாதியைத் தேடுவர்; பலர் ஊரார் வாய்க்கு அஞ்சி மறைப்பர். தொடக்கத்தில் பரிவோடு பேசித் தீர்த்திருக்கக் கூடியது, நாளடைவில் முற்றிப் போகிறது.

பிற தேசத்தார் வழி கண்டிருக்கின்றனர். ஆஸ்திரேலியாவில் 2006 முதல், 12 வயதிலிருந்து 25 வயது வரையுள்ளோர் கூச்சமின்றி வந்து போகும் 'ஹெட்ஸ்பேஸ்' நிலையங்கள் நடந்து வருகின்றன. நம் சென்னையிலும் 1986 முதல் 'சினேகா' என்ற தொண்டு ஸ்தாபனம் மனமுடைந்தோருக்குச் செவிசாய்த்து வருகிறது. 2022 அக்டோபரில் இந்திய சர்க்கார் 'டெலிமானஸ்' என்ற டெலிபோன் சேவையைத் தொடங்கினர். 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். நூறு மாணாக்கரும் அதற்கு மேலும் உள்ள கல்வி ஸ்தாபனங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகரை நியமிக்கவேண்டுமென்று உச்ச நீதிமன்றமும் 2025 ஜூலையில் வழிகாட்டியிருக்கிறது.

தீர்ப்புத் தானே நடந்துவிடாது. நடத்திவைப்பது பொதுஜனங்களின் கடமை. ஊர்தோறும் உழைக்கும் நமது தொண்டர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். ஆலோசகர் இருக்கிறாரா? மாணாக்கன் அவரிடம் தனியே பேச ஓர் அறை உண்டா? அந்த டெலிபோன் எண் சுவரில் எழுதியிருக்கிறதா? இல்லையெனில் தலைமையாசிரியரையும் அதிகாரிகளையும் கேளுங்கள். கிடைக்கும் வரை கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மதிப்பெண் குறைந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் முதலில் கேட்கவேண்டியது, "சாப்பிட்டாயா?" என்பதே. கணக்கை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.